யாருடைய ஆயுள்? ஆர்.வி. டீலர்களின் ‘லைஃப்டைம் வாரண்டி’

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு பயணம் போகும் வீட்டு வண்டி) வாங்கக் கிளம்புகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: ‘இந்த டீலர் இரண்டாயிரம் டாலர் கூடுதலாகச் சொல்கிறார், ஆனால் லைஃப்டைம் வாரண்டி தருகிறார். இவரிடமே வாங்கிவிடலாமா?’

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் கிடைக்கும் அதே விலைக்கு வண்டி கிடைத்து, வாரண்டியும் சும்மா வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தனியாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அதை நம்பி டீலரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். ஆர்.வி.யின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். இந்த வாரண்டிகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வரும் சேதத்தைத் தொடுவதே இல்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த ஒப்பந்தங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று காகிதங்கள்

புது வண்டியோடு ‘வாரண்டி’ என்ற பெயரில் மூன்று வகைக் காகிதங்கள் வரும். விற்பனை மேசையில் மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள்.

முதலாவது, வண்டியைக் கட்டிய நிறுவனத்தின் வாரண்டி. அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. வேறு வாகனம் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லருக்கும், டிரக்கின் பின்தட்டில் பூட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீலுக்கும் பொதுவாக ஓராண்டு. ஜேகோ இரண்டாண்டு தருகிறது, ஏர்ஸ்ட்ரீம் மூன்றாண்டு. கட்டமைப்புக்கு மட்டும் மூன்றாண்டு தரும் நிறுவனங்களும் உண்டு.

இரண்டாவது, உதிரிபாகம் செய்தவர்களின் வாரண்டி. ஃபிரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர், ஆக்சில், ரூஃப் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் தோல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம். ரூஃப் தோலுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு போட்டிருப்பதைப் பார்த்து ‘ரூஃப் ஒழுகினால் பன்னிரண்டு ஆண்டு கவலையில்லை’ என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வாரண்டி தோலின் தயாரிப்புக் குறைக்கு மட்டும். தோலைச் சுற்றிப் பூசிய சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வெடித்து ஒழுகினால் அது பராமரிப்புக் கணக்கில் போய்விடும். ஃபோர்டின் சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டிய, தானே ஓடும் மோட்டார் ஹோம் என்றால் சேஸிக்கு 3 ஆண்டு அல்லது 36,000 மைல், எஞ்சின்–டிரான்ஸ்மிஷனுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல்.

மூன்றாவதுதான் டீலர் தரும் லைஃப்டைம். வண்டியைக் கட்டிய நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. க்ளெய்ம் (பழுதுச் செலவுக் கோரிக்கை) மறுக்கப்பட்டது என்று எல்கார்டுக்கு எழுதினால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட.

‘லைஃப்டைம்’ என்றால்

யாருடைய ஆயுள் என்று சொல்லாமல் ‘லைஃப்டைம்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்பது அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டி விதி. அதன் விதித்தொகுப்பில், வாரண்டி விளம்பரங்களுக்கான 239-ஆம் பகுதியில் இருக்கிறது. ஆனால் பேனரில் எழுத்து பெரிதாக இருக்கும், விளக்கம் ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும்.

அநேகமாக எல்லா டீலர் ஒப்பந்தங்களிலும் அந்த ஆயுள், ‘முதல் உரிமையாளர் இந்த வண்டியை வைத்திருக்கும் வரை’ என்பதுதான். விற்றால் முடிந்தது. புதிய வண்டிக்கு மாற்றினாலும் முடிந்தது. அடுத்தவருக்கு மாற்றித் தர முடியாது, ஆகவே மறுவிற்பனை விலையில் இதற்கு ஒரு சென்ட் மதிப்பும் இல்லை. ஐந்தாறு ஆண்டில் பெரிய வண்டிக்கோ சிறிய வண்டிக்கோ மாறுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது ஐந்தாறு ஆண்டு வாரண்டி. அதில் முதல் ஓராண்டோ இரண்டாண்டோ உற்பத்தியாளரின் வாரண்டி எப்படியும் இருக்கிறது.

வண்டியில் முழு நேரமாகக் குடியிருந்தால் செல்லாது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அவுட்டோர்ஸி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் ஒரு வாரம் வாடகைக்கு விட்டாலும் வணிகப் பயன்பாடு என்று ரத்தாகலாம். கடன் தவணைக்கு உதவட்டும் என்று வாடகைக்கு விட நினைப்பவர்கள் இந்த வரியை முதலில் பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சோதனை என்ற வாசல்

பெரும்பாலான லைஃப்டைம் வாரண்டிகள் உயிரை விடுவது இங்கேதான். வழக்கமான நிபந்தனை இப்படி இருக்கும்: ஒவ்வோர் ஆண்டும், வண்டி வாங்கிய தேதிக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள், விற்ற டீலரிடமே வண்டியைக் கொண்டுபோய், உங்கள் செலவில் சோதனை செய்ய வேண்டும். சோதனையில் சொல்லும் பராமரிப்பு வேலைகளையும் முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு தவறினால் ஒப்பந்தம் மொத்தமாக முடிந்தது. தாமதத்துக்கு அபராதம் கட்டி மறுபடி உயிர்ப்பிக்கும் வழி பெரும்பாலும் இருக்காது.

மே மாதம் வண்டி வாங்கியவரின் சோதனைக் காலம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல்–ஜூனில் விழும். எல்லா டீலர்களின் சர்வீஸ் கொட்டகையும் நிரம்பி வழியும் மாதங்கள் அவை. ஆறு வாரம் கழித்துத்தான் இடம் என்பார்கள். அதனால் மூன்று மாதம் முன்பே நேரம் குறித்து, குறித்ததற்கு மின்னஞ்சல் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் ‘பரவாயில்லை, அடுத்த மாதம் கொண்டுவாருங்கள்’ என்று சர்வீஸ் ஆலோசகர் சொன்ன வாய்ச்சொல்லுக்கு க்ளெய்ம் மேசையில் மதிப்பில்லை.

டீலர் எதற்காக இதைச் சும்மா தருகிறார் என்பதற்கான விடையும் இந்த நிபந்தனையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் அவர் வாசலுக்குக் கட்டாயம் வருவீர்கள். சோதனைக் கட்டணம் கிடைக்கும். சீலண்ட் வேலை, பேரிங் கிரீஸ், டயர், பேட்டரி என்று பில் நீளும். புது மாடலும் கண்ணில் படும். இதில் மறைவான குற்றம் எதுவும் இல்லை, வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் திட்டம் இது. நாம் இதைக் காப்பீடு என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் தெரிந்திருப்பது நல்லது. 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, எழுத்துமூலமான வாரண்டி தருகிறவர் ‘இன்ன நிறுவனத்தின் பொருளையோ சேவையையோதான் காசு கொடுத்து வாங்க வேண்டும்’ என்று நிபந்தனை போடக் கூடாது. அந்தச் சேவையை இலவசமாகத் தந்தால் போடலாம். அப்படியானால் காசு வாங்கிக்கொண்டு ‘எங்களிடமே சோதனை செய்’ என்பது எப்படி? வண்டி விலைக்குள் அடங்கி வந்த வாரண்டியில் இப்படி ஒரு நிபந்தனை இருந்தால், வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்து வாதாட நல்ல இடம் உண்டு. தனி விலை போட்டு விற்ற காகிதம் சட்டத்தின் கண்ணில் சர்வீஸ் காண்ட்ராக்ட் (பழுதுபார்க்கும் சேவைக்கான ஒப்பந்தம்). அதற்கு அந்தத் தடை நேரடியாகப் பொருந்தாது. அதனால் காகிதத்தின் தலைப்பில் ‘வாரண்டி’ என்று இருக்கிறதா, ‘சர்வீஸ் காண்ட்ராக்ட்’ என்று இருக்கிறதா, பில்லில் அதற்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சில் இரண்டும் ஒன்று, சட்டத்தில் வேறு வேறு.

எது உள்ளே, எது வெளியே

மோட்டார் ஹோம்களுக்கு ‘லைஃப்டைம் பவர்டிரெய்ன்’ என்று தருவார்கள். எஞ்சின், டிரான்ஸ்மிஷன், டிரைவ் ஆக்சிலின் உள்பாகங்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மோட்டார் ஹோம் ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல்தான் ஓடுகிறது. 60,000 மைலைத் தொடுவதற்குள் பல வண்டிகள் கை மாறிவிடுகின்றன. எஞ்சின் நன்றாக இருக்க, ரூஃப் அழுகிக் கழிக்கப்பட்ட மோட்டார் ஹோம்கள்தான் அதிகம். கெட்டுப்போகும் வாய்ப்பு குறைவான உறுப்புக்கு வாழ்நாள் உறுதி கொடுப்பது டீலருக்குச் செலவு குறைந்த வாக்குறுதி.

டிரெய்லர்களுக்கு ‘பெயர் சொன்ன பாகங்கள்’ பட்டியல் இருக்கும். பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதற்கு நேர் எதிரான வகையில் எல்லாம் உண்டு, விலக்கப்பட்டவை மட்டும் பட்டியலிட்டிருக்கும். அந்த இரண்டாம் வகை லைஃப்டைம் திட்டங்களில் அரிது. பெயர் சொன்ன பட்டியலில் கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தைப் பேட்டரி மின்சாரமாக மாற்றுவது), வாட்டர் பம்ப், ஃபர்னஸ் போர்டு (அறையைச் சூடாக்கும் கருவியின் மின்பலகை), ஸ்லைடு மோட்டார் (வண்டியிலிருந்து வெளியே நீளும் அறைப்பகுதியை நகர்த்துவது), ஏசி கம்ப்ரசர் என்று வரும். பம்ப்பின் விலையே நூறு டாலர் சுற்றித்தான். ஒவ்வொரு க்ளெய்முக்கும் டிடக்டிபிள் (உங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) 200 டாலர் என்றால் பம்ப்புக்கு வாரண்டி இருந்தும் இல்லாததும் ஒன்று.

‘தேய்மானம்’ என்ற விலக்கைக் கவனியுங்கள். டிரெய்லரின் சஸ்பென்ஷனில் லீஃப் ஸ்பிரிங், ஈக்வலைசர் மூட்டுகளில் தொழிற்சாலை போடுவது நைலான் புஷ்ஷிங் (போல்ட் உரசாமல் காக்கும் உறை). சில ஆயிரம் மைலிலேயே அது தேய்ந்து போல்ட் உலோகத்தோடு உரசும், துளை நீள்வட்டமாகிவிடும். சஸ்பென்ஷன் பட்டியலில் இருக்கும், ஆனால் புஷ்ஷிங் தேய்மானம் என்று மறுப்பார்கள். அதனால் பெரிதான துளைக்கும் அதே பதில். வெண்கல புஷ்ஷிங்கும் கிரீஸ் போடும் துளையுள்ள போல்ட்டும் மாற்றிவிடுவது வாரண்டியை நம்புவதைவிட மேல்.

இனி தண்ணீர்.

டிரெய்லரின் ரூஃப் மெல்லிய ஒட்டுப்பலகை மேல் இ.பி.டி.எம்., டி.பி.ஓ. அல்லது பி.வி.சி. என்ற ரப்பர், பிளாஸ்டிக் வகைத் தோல் ஒட்டியது. அதில் ஏசிக்கு 14 அங்குலச் சதுரத் துளை, இரண்டு மூன்று வென்ட், ஒரு ஸ்கைலைட், கழிவுக்குழாய் மூச்சுக்குழல்கள், ஆன்டெனா, ஏணிக்கால்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தானே பரவிச் சமமாகும் லேப் சீலண்ட் பூசியிருக்கும். வெயிலில் அது காய்ந்து, ஓரம் தூக்கி, மயிரிழை அளவு வெடிக்கும். ரூஃபும் முன் முகப்பும் சேரும் கோடு, மூலைகளில் ஓடும் அலுமினியப் பட்டையின் திருகுகள், மேலே எரியும் சின்ன மார்க்கர் விளக்குகள், ஸ்லைடு-அவுட் தரையின் மூலைகள் ஆகியவை அடுத்த நுழைவாயில்கள். ஏசி அடியில் உள்ள நுரை கேஸ்கெட் ஒரு அங்குல உயரம். போல்ட்டை இறுக்கி அரை அங்குலத்துக்கு அமுக்க வேண்டும். குலுங்கலில் அந்த நான்கு போல்ட்டும் தளரும்.

உள்ளே போன தண்ணீர் உடனே தெரியாது. ஃபைபர் கிளாஸ் சுவரின் பின்னால் லுவான் என்ற மெல்லிய பலகையும் நுரையும் ஒட்டியிருக்கும். லுவான் ஈரமானால் பசை விடும். சுவரில் கொப்புளம் போல வீக்கம் தெரியும்போது உள்ளே பல மாத ஈரம் ஊறியிருக்கும். சுவரைப் பிரித்துத் திரும்ப ஒட்டுவது சில ஆயிரம் டாலரில் தொடங்கி வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். இதற்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது: ‘சீலண்ட், கேஸ்கெட், நீர்க்கசிவு, அழுகல், பூஞ்சை, சுவர் பிரிதல், இவற்றால் மற்ற பாகங்களுக்கு வரும் சேதம் அடங்காது.’ கடைசித் துண்டு முக்கியம். ஸ்லைடு மோட்டார் பட்டியலில் இருந்தாலும், அதன் கன்ட்ரோல் போர்டு நனைந்து எரிந்தால் காரணம் தண்ணீர் என்று தள்ளிவிடலாம்.

டீலர் பக்கமிருந்து பார்த்தால் இதில் காரணம் இருக்கிறது. சீலண்ட் பராமரிப்பது உரிமையாளர் கையில் இருக்கிறது. அதை விட்டவருக்கெல்லாம் சுவர் மாற்றிக் கொடுத்தால் எந்தத் திட்டமும் ஓராண்டு தாங்காது. ஆனால் வாங்குகிறவர் மனத்தில் ‘வாழ்நாள்’ என்ற சொல் முதலில் இந்தப் பெரிய பயத்தைத்தான் ஆற்றுகிறது. அந்த ஆறுதலுக்குக் காகிதத்தில் ஆதாரம் இல்லை.

பணம் யார் கையில்

ஒப்பந்தத்தில் ‘ஆப்லிகர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் அவர்தான். சில இடங்களில் அது டீலரே, சில இடங்களில் வெளி நிர்வாக நிறுவனம். அந்தக் கடமைக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் பாலிசி எழுதியிருக்க வேண்டும். அதன் பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். நல்ல ஒப்பந்தங்களில், ‘ஆப்லிகர் 60 நாளுக்குள் பணம் தராவிட்டால் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம்’ என்ற வரி இருக்கும். பல மாநிலங்களின் சட்டமும் சர்வீஸ் காண்ட்ராக்ட்களுக்கு இதைக் கேட்கிறது.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2003-இல் நெப்ராஸ்காவின் லிங்கனில் இருந்து இயங்கிய நேஷனல் வாரண்டி என்ற நிறுவனம் கலைப்புக்குப் போனது. அமெரிக்கா முழுவதும் டீலர்கள் விற்றிருந்த சர்வீஸ் காண்ட்ராக்ட்களுக்குப் பின்னால் அது நின்றிருந்தது. கையில் காகிதம் வைத்திருந்த வாகன உரிமையாளர்களும், அதை விற்ற டீலர்களும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

டீலரே ஆப்லிகராக இருந்து, பின்னால் காப்பீடு இல்லாவிட்டால் வாரண்டியின் ஆயுள் அந்தக் கடையின் ஆயுள். ஆர்.வி. தொழில் ஏற்ற இறக்கம் கடுமையானது. ஆர்.வி. தொழில்துறைச் சங்கத்தின் கணக்குப்படி 2021-இல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறியவை 6,00,240 வண்டிகள், 2023-இல் 3,13,174. இரண்டே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி. இப்படி விற்பனை விழும்போது குடும்பக் கடைகளைப் பெரிய சங்கிலி நிறுவனங்கள் வாங்குகின்றன. கடையின் இடத்தையும் சரக்கையும் மட்டும் வாங்குகிறவர், பழைய கடையின் வாக்குறுதிகளைத் தாமாக ஏற்க வேண்டியதில்லை. ‘கடை கை மாறினால் யார் பொறுப்பு?’ என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு கணக்கு

கற்பனை எண்கள்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். டீலர் 90 மைல் தொலைவு. போய்வர 180 மைல். டிரக் இழுக்கும்போது கேலனுக்கு 10 மைல் என்றால் 18 கேலன். கேலன் 3.50 வீதம் 63 டாலர். சோதனைக் கட்டணம் 350. ஆண்டுக்கு 413, ஏழு ஆண்டுக்கு 2,891 டாலர்.

அந்த ஏழு ஆண்டில் ஒரு ஏசி 1,500, கன்வெர்ட்டர் 500, ஃபர்னஸ் போர்டு 400, ஸ்லைடு மோட்டார் 900 என்று நான்கு க்ளெய்ம் பிரச்சினையின்றி ஏற்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,300. டிடக்டிபிள் நான்கு முறை 200, அதாவது 800 போக, கிடைத்தது 2,500. சும்மா வந்த வாரண்டியிலேயே கிட்டத்தட்ட 400 டாலர் நட்டம்.

இதே வண்டிக்கு டீலர் பத்து மைலில் இருந்து, சோதனைக்கு 150 டாலர் வாங்கினால், எரிபொருள் 7 டாலரும் சேர்த்து ஏழு ஆண்டுச் செலவு 1,099. அப்போது 1,401 டாலர் லாபம். வாரண்டியின் மதிப்பைத் தூரமும் சோதனைக் கட்டணமும்தான் தீர்மானிக்கின்றன, ‘லைஃப்டைம்’ என்ற சொல் தீர்மானிப்பதில்லை. தொடக்கத்தில் சொன்ன இரண்டாயிரம் டாலர் கூடுதல் விலையைச் சேர்த்தால் பக்கத்துக் கடையிலும் லாபம் காணாமல் போகிறது.

இன்னொரு கணக்கு. இலவசத் திட்டத்துக்கு மேல் ‘முழுப் பாதுகாப்பு’ என்று 4,000 டாலர் திட்டத்தை நிதி மேசையில் முன்வைப்பார்கள். ‘மாதம் 38 டாலர்தான்’ என்பார்கள். 15 ஆண்டுக் கடனில் 8 சதவீத வட்டியில் அந்த 38 டாலர் மொத்தம் சுமார் 6,880 ஆகிறது. அந்த நாலாயிரத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்தால் அது டிடக்டிபிள் கேட்காது, தேய்மானம் என்று மறுக்காது, ரூஃபுக்கும் கொடுக்கும். ஒரே நாளில் பெரிய செலவு வந்தால் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு நல்ல சர்வீஸ் காண்ட்ராக்ட் ஒன்று பொருந்தலாம். அதையும் அந்த மேசையில் அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. உற்பத்தியாளர் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, வேறு இடங்களில் விலை விசாரித்து வாங்கலாம்.

கையெழுத்துக்கு முன்

விளம்பரத் தாள் வேண்டாம், முழு ஒப்பந்தத்தையும் கேளுங்கள். எழுத்துமூல வாரண்டியை வாங்கும் முன்பே பார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. ‘கையெழுத்தானதும் அச்சாகி வரும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். வீட்டில் வைத்துப் படிக்கும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். அடுத்து உரிமையாளரின் கடமைகள். அப்புறம் பணத்துக்கு மேல்வரம்பு: ஒரு க்ளெய்முக்கு எவ்வளவு, எல்லா க்ளெய்மும் சேர்த்து எவ்வளவு. மொத்த வரம்பு வண்டியின் அன்றைய சந்தை மதிப்பு என்று இருந்தால், பத்தாம் ஆண்டில் அந்த ‘வாழ்நாள்’ மிகச் சிறியதாகியிருக்கும். கடைசியில் பாகங்களின் பட்டியல்.

வெளியூரில் வண்டி நின்றால் என்ன என்பதையும் தேடுங்கள். யெல்லோஸ்டோன் பக்கத்து முகாமில் ஃபர்னஸ் நின்றுபோனால் விற்ற டீலரிடம் இழுத்துக்கொண்டு போக முடியாது. நடமாடும் டெக்னீஷியனை ஏற்கிறார்களா, அவரது பயணக் கட்டணம் யாருடையது, ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்பது எழுதியிருக்க வேண்டும். கடையின் கூலி மணிக்கு 190 டாலராக இருந்து, திட்டம் 125 மட்டும் ஏற்றால், மீதி உங்களுடையது.

ஆர்.வி. வாங்குகிறவர்கள் லெமன் சட்டத்தையும் (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் சட்டம்) அதிகமாக நம்பிவிட வேண்டாம். பல மாநிலங்களில் அது வீட்டுப் பகுதியை விட்டுவிடுகிறது. கலிஃபோர்னியாவின் லெமன் விதி மோட்டார் ஹோமின் சேஸியையும் ஓடும் பகுதியையும் எடுத்துக்கொள்கிறது, குடியிருக்கும் பகுதியை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே வண்டியை எடுக்கும் நாளில் செய்யும் சோதனைதான் பெரிய பாதுகாப்பு. வாரண்டிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கைத் தனி ஆர்.வி. இன்ஸ்பெக்டருக்குக் கொடுங்கள். ரூஃபில் ஏறி ஒவ்வொரு சீலண்ட் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஈரமானியைச் சுவர் மூலைகளிலும் ஜன்னல் அடியிலும் வைக்க வேண்டும், மரத்தில் 20 சதவீதத்தைத் தொட்டால் காரணம் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. ஸ்லைடுகளை மூன்று முறை உள்ளே வெளியே ஓட்ட வேண்டும். கேஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்ட அளவில் நிற்க வேண்டும். வென்ட் வழியாக உள்ளே காற்றை அடைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி பார்க்கும் சோதனை கிடைத்தால் கட்டாயம் செய்யுங்கள். குறைகள் எல்லாம் சரியாகும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பணம் கை மாறிய பிறகு உங்கள் வண்டி வரிசையின் கடைசியில் நிற்கும்.

ஏற்கெனவே கையில் இருந்தால்

வாரண்டி வந்துவிட்டது, டீலரும் பக்கத்தில்தான் என்றால் அதைச் சாகவிடாமல் வைத்துக்கொள்வது ஒழுங்கு சார்ந்த வேலை. ஒரு கோப்பு போடுங்கள். அதில் தேதி, மைல், செய்த வேலை, பில், படம்.

ரூஃப் சீலண்டை 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன பல உற்பத்தியாளர் கையேடுகள். ஒவ்வொரு முறையும் தேதி தெரியும்படி எட்டுப் பத்துப் படம் எடுங்கள். வெடிப்பு இருந்தால் பழையதைச் சுத்தம் செய்து, தட்டையான பரப்பில் தானே சமமாகும் லேப் சீலண்ட், செங்குத்துப் பரப்பில் வழியாத வகை போட வேண்டும். ரப்பர் ரூஃபில் கடைச் சிலிக்கான் பூசாதீர்கள். அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. பெட்ரோலியக் கரைப்பான்களால் துடைக்கவும் கூடாது, தோல் வீங்கிவிடும்.

வீல் பேரிங்குக்கு 12 மாதம் அல்லது 12,000 மைலில் கிரீஸ். எலக்ட்ரிக் பிரேக்கை முதல் 200 மைலிலும் பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் சரிசெய்ய வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைலில் நட்டை மறுபடி முறுக்குமானியால் பார்க்க வேண்டும். சபர்பன் நிறுவன வாட்டர் ஹீட்டரின் ஆனோட் கம்பியை (தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் கரையும் கம்பி) ஆண்டுக்கு ஒருமுறை கழற்றுங்கள், முக்கால் பங்கு கரைந்திருந்தால் மாற்றுங்கள். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் வண்டியைச் சமமாக நிறுத்தாமல் அதை ஓட்டக் கூடாது. சாய்வில் ஓடி எரிந்துபோன கூலிங் யூனிட்டை, பிரித்துப் பார்க்கும் டெக்னீஷியன் கண்டுபிடித்துவிடுவார். குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றி, வாங்கிய ரசீதைக் கோப்பில் வையுங்கள். உறைந்து வெடித்த குழாய் எந்தத் திட்டத்திலும் சேராது.

எதாவது கெட்டுப்போனால் நீங்களே கழற்றாதீர்கள், யாரையும் கழற்ற விடாதீர்கள். முதலில் க்ளெய்ம் எண்ணுக்கு அழைப்பு, அனுமதி எண், அதன் பிறகுதான் வேலை. டெக்னீஷியனின் அறிக்கையில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன கோளாறு, எதனால் வந்தது, எப்படிச் சரிசெய்வது. பெரும்பாலான மறுப்புகள் நடுவிலுள்ள ‘எதனால்’ என்ற வரியில்தான் பிறக்கின்றன. ‘கம்ப்ரசர் உள்சுருள் பழுது’ என்று எழுதுவதற்கும் ‘துருப்பிடித்திருக்கிறது’ என்று எழுதுவதற்கும் ஆயிரம் டாலர் வித்தியாசம். பிரித்துப் பார்க்கும் கூலி க்ளெய்ம் மறுக்கப்பட்டால் உங்கள் தலையில் விழும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாகத்தை, அனுமதி தரும்வரை குப்பையில் போடவிடாதீர்கள்.

மறுத்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து ஒப்பந்தத்தில் பெயருள்ள காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதலாம். அடுத்து மாநிலக் காப்பீட்டுத் துறை அல்லது அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவு. பல ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்ற விதி இருக்கும், ஆனால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு அதில் விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய சர்வீஸ் காண்ட்ராக்ட் உள்ளவர்கள் வண்டியை விற்கும்போது ஒரு கடிதம் எழுத மறக்காதீர்கள். பயன்படுத்தாத காலத்துக்கு விகிதப்படி பணம் திரும்பக் கிடைப்பது பொதுவான விதி. கடன் பாக்கியிருந்தால் அது வங்கிக்குப் போய் அசலில் கழியும். ரத்து செய்யும் தேதி, அன்றைய மைல் அளவு, ஒப்பந்த எண், விற்பனைப் பத்திர நகல் ஆகிய நான்கையும் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள்.